வெள்ளைப் பொடி

பிரகதீஸ்வரிக்கு ரெங்கராஜ் மேல்தான் சந்தேகம். வேறு யார்மேல் வரும்? தேனீ உறிஞ்சினால் முந்திரிப் பூ கருகிவிடும் என்று ஆலங்குடிக் கடைத்தெரு வரைக்கும் சொல்லித் திரிந்த மனிதர். தாவரவியல் படித்த இவள் பொறுமையாக விளக்கியபோது கொட்டாவி விட்டார்.

இன்று காலை அவளுடைய எட்டுத் தேனீப் பெட்டிகளில் மூன்றின் வாசலில் தேனீக்கள் நாக்கை நீட்டிக்கொண்டு குவியலாகச் செத்துக் கிடந்தன. பூச்சிமருந்துதான். பொழுது சாய்ந்து தேனீ கூடடைந்த பிறகு அடியுங்கள் என்று பத்து நாளாக வீடு வீடாகக் கெஞ்சியிருந்தாள். மிச்சம் ஐந்து பெட்டி. இன்னொரு நாள் இப்படி அடித்தால் அதுவும் இல்லை.

செத்ததை டிபன் மூடியில் அள்ளிக்கொண்டு ரெங்கராஜின் முந்திரித் தோப்புக்கே போனாள். போலீசுக்குப் போவேன் என்றாள். அவர் கோபப்படவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

"மரத்தப் பாரு தாயி. பூவெல்லாம் முடிஞ்சு காய் தொங்குது. இங்கிட்டு எதுக்கு வரப்போகுது ஒன் ஈ?" மூடிக்குள் எட்டிப் பார்த்தார். "கால்ல வெள்ளையா ஒட்டியிருக்கே, அது எந்தப் பூவுப் பொடி? நீதான படிச்சவ."

பார்த்தாள். எள்ளுப் பூவின் மகரந்தம். வந்த ஆத்திரத்தில் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. இந்தப் பங்குனியில் சுற்றுவட்டாரத்தில் எள் பூத்திருப்பது ஒரே வயலில்.

அப்பா குழந்தைசாமி அந்த வயல் வரப்பில் மருந்துத் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தார். புழு விழுந்துவிட்டதாம். வெயிலுக்கு முன் அடித்தால் நன்றாகக் கேட்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னாராம்.

"பூ விரிஞ்சிருக்கப்பவாப்பா அடிப்பீங்க?"

"ஊரு பூரா சொன்ன. எங்கிட்டச் சொன்னியா?"

சொல்லவில்லை. வீட்டு ஆளுக்கு எதற்குத் தனியாக என்று விட்டிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாதி வயல் பாக்கி இருந்தது. நாளைச் சாயங்காலம் அடிக்கிறேன் என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வெயிலேறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு டீக்கடைக்குப் போகிற ஆள்.

அவர் கைகழுவத் திரும்பியதும், தெளிப்பானின் மூக்கைத் திருகிக் கழற்றித் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் நானே கொண்டாந்து மாட்டுறேன்" என்றாள்.