சலவை அறையில் ஒரு முட்டு

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை காலை, முதியோர் இல்லத்தின் பின்பகுதியில் இருந்த சலவை அறையில் உள்கூரைப் பலகை ஒன்று கழன்று விழுந்தது. மேசையருகே துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கூரைக்கு வெள்ளிக்கிழமைதான் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய வாரம் முழுவதும் கட்டடத்தில் ஆணி வேலை நடந்தது. இல்லம் திறந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. சுவரும் கூரையும் ஜிப்சம் போர்டு. வரவேற்பறையில் நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைக் கூரையில் வரிசையாகக் கொப்புளங்கள் தெரிந்தன. சில இடங்களில் பட்டி உதிர்ந்து, ஆணித் தலை சட்டைப் பொத்தான் போல வெளியே நின்றது. சனிக்கிழமை நிர்வாகக் குழுவினர் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் எல்லாம் மறைந்தாக வேண்டும்.

போர்டுக்காரர் ஏணியின் உச்சிப் படியில் நின்று, இடது உள்ளங்கையால் பலகையை மேலே தள்ளிப் பார்த்தார். பலகை அசைந்தது. ஆணித் தலை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. இந்தப் பலகைகளைப் போன வருடம் அடித்தவர் அவர்தான். அப்போது மழைக்காலம். மரச்சட்டங்கள் லாரியிலிருந்து நனைந்தபடியே வந்து இறங்கின. காயட்டும் என்று இவர் சொன்னதற்கு, திறப்பு விழா காத்திருக்காது என்று சூப்பர்வைசரிடமிருந்து பதில் வந்தது. ஈரச் சட்டத்திலேயே அடித்தார்கள். பிறகு சட்டம் காய்ந்து சுருங்கியது, ஆணி சுருங்கவில்லை. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்து விழுந்தது.

"அண்ணே, போன வருஷம் நீங்க அடிச்ச ஆணியெல்லாம் உங்களைத் தேடி எட்டிப் பாக்குது" என்றான் கீழே பட்டி குழைத்துக்கொண்டிருந்தவன். வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"ஈரத்துல அடிக்கச் சொன்னவனைத் தேடுது. ஆளு அடையாளம் தெரியாம என் மூஞ்சியப் பாக்குது."

"கூப்பிடட்டுமா சூப்பர்வைசரை? இப்பத்தான் மேனேஜர் மேடம் ரூம்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு."

"நீ முதல்ல பட்டியக் கட்டி தட்டாம குழை."

போர்டுக்காரர் பலகையைத் தோளால் முட்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்தார். பழைய ஆணிக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு ஸ்க்ரூ வைத்து ட்ரில்லை அழுத்தினார். ஸ்க்ரூவின் தலை போர்டின் தாளைக் கிழிக்காமல் ஒரு சின்னக் குழியோடு நின்றது. அதன் பிறகே பழைய ஆணியைப் பிடுங்கினார். மரத்தூளும் சுண்ணாம்புப் பொடியும் கண்ணில் விழுந்தன. முன்பக்க வேலை முழுவதும் இப்படித்தான் நடந்தது. மாடி அறைகள், உணவுக்கூடம், நடைவழி. கழுத்துப் பின்னால் வலி ஏறி, ராத்திரி படுத்தாலும் கூரையைத் தள்ளுவது போலவே கை தூக்கி நின்றது.

வியாழக்கிழமை மதியம் சலவை அறைக்கு வந்தார்கள். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. மூன்று இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. போர்டுக்காரரின் தங்கை நீள மேசையருகே நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். இல்லம் திறந்த நாளிலிருந்து அவளுக்கு இங்கேதான் வேலை. இந்த வேலையை அவளுக்குச் சொல்லிவிட்டதே அவர்தான்.

"வாண்ணே. உன் கூரை என் தலையில மாவு கொட்டுது. நரைச்சுப் போச்சுன்னு பசங்க சிரிக்கிறாங்க."

அவர் சிரிக்கவில்லை. மேசைக்கு நேர் மேலே பலகை தொப்பை போல் இறங்கியிருந்தது. ஏணியை வைத்து ஏறி உள்ளங்கையை வைத்தார். பலகை ஈரச் சாக்குப் போல மெத்தென்று இருந்தது. தள்ளியதும் ஒரு முழ நீளத்துக்கு அப்படியே மேலே போனது. கையை எடுத்ததும் இறங்கியது. இங்கே ஒன்றுகூட ஸ்க்ரூ கிடையாது. எல்லாம் ஆணி. பாதி ஆணிகள் சட்டத்தைப் பிடிக்கவே இல்லை. மாவாகிப்போன போர்டில் சும்மா தொங்கின.

அவர் ஏணியிலிருந்து இறங்கி சூப்பர்வைசரைத் தேடிப் போனார். சூப்பர்வைசர் நடைவழியில் நின்று, காய்ந்த பட்டியின் மேல் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சலவை ரூம் போர்டைக் கழட்டி வேற போடணும். ஆவி குடிச்சு ஊறிப்போச்சு. ஆணி நிக்கல."

"பின்பக்கத்துக்குப் போர்டு இல்லப்பா. ஸ்க்ரூ வந்ததே முன்பக்கத்துக்குத்தான். ஆணியத் தட்டி உள்ள விட்டுட்டுப் பட்டி பாரு."

"தட்டுனா ஓட்டை பெருசாகும் சார். தாங்காது. கீழ ஆளு வேலை பாக்குது."

"உன் தங்கச்சியா?"

"யாரா இருந்தா என்ன சார்?"

"போன வருஷம் அடிச்சது நீதானே? நீ அடிச்ச ஆணிய நீயே நிக்கலைங்கிற. இத மேல சொன்னா முதல்ல உன்னைத்தான் கேப்பாங்க." டார்ச்சை அணைத்தார். "பட்டி பாரு. விசிட் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

போர்டுக்காரர் சலவை அறைக்குத் திரும்பி வந்தார். சுத்தியலை எடுத்து ஆணிகளைத் தட்டினார். ஒவ்வொரு அடிக்கும் போர்டிலிருந்து ஈரத்தூள் கட்டியாக விழுந்தது. ரேடியோ அதன் மேல் பட்டி பூசினான். மறுநாள் காலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தார்கள். கூரை பால் போல ஆனது.

"பவுடர் பூசிப் பொணத்த உக்கார வெச்சாச்சு" என்றான் ரேடியோ.

அன்று மதியம் போர்டுக்காரர் மீந்துபோன சட்டத்தை அறுத்து ஒரு முட்டு செய்தார். நீளக் கால், தலையில் குறுக்காக ஒரு கட்டை. கூரை வேலையில் ஆள் பற்றாதபோது பலகையைத் தாங்கிப் பிடிக்க வைப்பது. கூரை உயரத்தைவிட ஒரு விரல் கூடுதலாக அறுத்து, தொப்பை விழுந்த இடத்துக்குக் கீழே வைத்து, அடியைக் காலால் உதைத்து இறுக்கினார். நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். போர்டு ஆட்கள் எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் சிவப்புத் துணி கட்டிய முட்டில் கை வைக்க மாட்டார்கள்.

"இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் தங்கையிடம். "எடுத்தா மேல இருக்கிறது உன் தலையில."

"வண்டி எப்படிண்ணே போகும்?"

அவர் துணி வண்டியைத் தள்ளிப் பார்த்தார். உரசியது. முட்டைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி இறுக்கினார்.

"இப்பப் போகும். கொஞ்சம் ஒடிச்சுத் தள்ளு."

"சரி, உன் தூணை நான் காவல் காக்கிறேன். நீ போய்ச் சாப்பிடு."

சனிக்கிழமை நிர்வாகக் குழுவினர் வருவதற்கு முன்னால் மேனேஜர் மேடம் எல்லா அறைகளையும் ஒரு சுற்று பார்த்தார். சூப்பர்வைசர் பின்னால் வந்தார். சலவை அறை வாசலில் மேடம் நின்றார்.

"இது என்ன நடுவுல?"

"எங்கண்ணன் வெச்சதுங்க மேடம். மேல போர்டு லூசா இருக்கு, எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். கூரை பளிச்சென்று இருந்தது. சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சிருச்சு மேடம்" என்றார் அவர். "போகும்போது எடுக்க மறந்திருப்பான்."

"அப்ப எடுத்து ஓரமா வைங்க. வர்றவங்க பாத்தா கட்டடம் விழப்போகுதுன்னு நினைப்பாங்க."

"மேடம், எங்கண்ணன்…"

"உங்கண்ணன்கிட்டயா வேலை பாக்குறீங்க?"

தங்கை சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தாள். எடு என்பது போல அவர் தலையை ஆட்டினார். அவள் முட்டின் அடியைக் காலால் தள்ளித் தளர்த்தி எடுத்தாள். கூரை அசையவில்லை. சிவப்புத் துணியோடு அதைச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தாள். குழுவினர் போனதும் திரும்ப வைத்துவிடலாம் என்று இருந்தாள். குழுவினர் சலவை அறைப் பக்கம் வரவே இல்லை. அவளைச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு எடுக்க அழைத்துவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தபோது சுவர் ஓரம் காலியாக இருந்தது. சூப்பர்வைசர் மீந்த சாமான்களோடு அதையும் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் வேறொரு கட்டடத்தில் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். ட்ரில் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலை மேசையை இழுத்து ஓரமாகப் போட முயன்றாள். தரையில் திருகி வைத்திருந்த மேசை அது. விரிப்புகள் மலை போலக் குவிந்திருந்தன. மடிக்க ஆரம்பித்தாள். மேலே ஏதோ கிழிவது போலச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

செவ்வாய்க்கிழமை போர்டுக்காரரை மேனேஜர் அறைக்கு அழைத்தார்கள். சூப்பர்வைசர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். இவருக்கும் நாற்காலி போட்டார்கள். மேடம் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க தங்கச்சிக்கு இப்படி ஆனதுல எங்களுக்கும் ரொம்ப வருத்தம். நடந்ததைத் தெரிஞ்சுக்கணும். அந்தக் கட்டைய வெச்சது நீங்கதானே?"

"நான்தான் மேடம். விழும்னு தெரிஞ்சுதான் வெச்சேன்."

"எடுக்கக் கூடாதுன்னு உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

போர்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைச் சொல்லத்தான் அவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தார்.

"தெளிவாச் சொன்னேன் மேடம். எடுத்தா உன் தலையில விழும்னு சொன்னேன். இந்த சார்கிட்டயும் அதுக்கு முன்னாடியே சொன்னேன். போர்டு மாத்தணும்னு கேட்டேன். கேட்டுப்பாருங்க."

மேடம் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"போர்டு மாத்தணும்னான் மேடம், இல்லேங்கல. தாங்காதுன்னான். விழும்னு எங்கிட்டச் சொல்லல. முட்டு வெச்சதையும் சொல்லல."

"சார்! கீழ ஆளு வேலை பாக்குதுன்னு…"

"ஒரு நிமிஷம்" என்றார் மேடம். குரல் மென்மையாகவே இருந்தது. "அப்ப விழும்னு தெரிஞ்சும் பட்டி பூசி மூடினது நீங்க. எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் எடுத்தது உங்க தங்கச்சி. சரிதானே?"

போர்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"எடுக்கச் சொன்னது நீங்க மேடம்."

"ஓரமா வைங்கன்னு சொன்னேன். ஆபத்துன்னு தெரிஞ்சவங்க, முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லுச்சு மேடம்! அண்ணன் வெச்சதுன்னு சொல்லியிருக்கு. உங்கண்ணன்கிட்டயா வேலை பாக்குறீங்கன்னு கேட்டது யாரு?"

"சத்தம் போடாதீங்க. பெரியவங்க தூங்குற நேரம்."

போர்டுக்காரர் எழுந்து நின்றார். முன்னால் இருந்த தண்ணீர் டம்ளர் சாய்ந்து உருண்டது. "மூடச் சொன்னதும் நீங்க, எடுக்கச் சொன்னதும் நீங்க. உடைஞ்சது அவ கை. குத்தம் எங்க ரெண்டு பேர் மேல. நல்லா இருக்கு உங்க நியாயம்." சூப்பர்வைசர் கைக்குட்டையால் மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தார். மேடம் மணி அடித்தார். காவலாளி வந்து கதவைத் திறந்துபிடித்தபடி நின்றார். அவர் மெதுவாக, "வாங்கண்ணே, போலாம்" என்றார்.

தங்கை வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மாவுக்கட்டு முழங்கை வரை இருந்தது. இடது கையால் தலைமுடியை முடியத் தெரியாமல் அவிழ்த்துப் போட்டிருந்தாள். அண்ணன் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"எங்கிட்ட சொன்னேன்னு நீயே சொன்னியா?"

"சொன்னதச் சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

"சொல்லவே இல்லேன்னு சொல்லியிருக்கலாம்லண்ணே."

"அப்படிச் சொன்னா, ஏன் சொல்லலைன்னு கேட்டிருப்பாங்க."

"ஆமா. அதையும் கேட்டிருப்பாங்க." அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த விரிப்புல பாதி நான் மடிச்சுட்டேன்" என்றாள்.

இல்லத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. விதியை மீறியதால் நேர்ந்த விபத்து என்றும், இனி வேலைக்கு வர வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். போர்டுக்காரரை இல்லத்தின் வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரரின் எந்தக் கட்டடத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை சலவை அறைக்குப் புதிய போர்டு வந்து இறங்கியது. ஈரம் தாங்கும் பச்சை நிறப் போர்டு. கூடவே பெட்டி பெட்டியாக ஸ்க்ரூ. வேறு ஆட்கள் பழைய பலகைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சட்டம் சட்டமாகத் தட்டிப் பார்த்து வேலை செய்தார்கள். வேலை முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் துணிக்கூடையை இடுப்பில் வைத்தபடி கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தாள். வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து கயிற்றை அவிழ்த்தார். அவள் உள்ளே போய் விரிப்புகளை மடிக்கத் தொடங்கினாள்.