மேல்மூலை

அந்தத் தெருவில் இந்த மாதம் மட்டும் இது ஆறாவது கதவு. தச்சனுக்கு முதலில் உள்ளூரச் சந்தோஷம்தான். மழைக்காலத்தில் மரம் ஊதும், கதவு பிடிக்கும், ஆளைக் கூப்பிடுவார்கள். இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்தால் கதவு சொன்ன பேச்சைக் கேட்கும். மலைச்சரிவில் ஏறிப்போகும் தெரு அது. மேலே கடைசி வீடு அவன் அக்காவுடையது.

ஆறாவது கதவின் முன்னால்தான் அவன் கை தயங்கியது. ஊதிய மரம் என்றால் விளிம்பு முழுக்க உரச வேண்டும். இது பள்ளத்துப் பக்கத்து மேல்மூலையில் மட்டும் உரசியிருந்தது. அதே பக்கம் அடியிலோ விரல் நுழையும் அளவுக்குச் சந்து. யோசித்துப் பார்த்தால் ஆறு கதவும் இப்படித்தான். சொல்லி வைத்தாற்போல் ஆறு வீட்டு மரமுமா ஒரே மூலையில் ஊதும்? வாசற்படியில் சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை வைத்தான். குமிழி மேட்டுப் பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

மரம் ஊதவில்லை. நிலம் இறங்குகிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னான். அவர் சிரித்தார். "இழைக்க வரலைன்னா வரலைன்னு சொல்லுப்பா. அதுக்கு மலையை ஏன் இழுக்கற?"

அக்கா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக ஏறினான். தினமும் பார்த்த தெருதான். சரிவில் இருந்த மரங்களெல்லாம் அடியில் முழங்கால்போல் மடங்கி, அப்புறம் நிமிர்ந்திருந்தன. மண் காலை வாரிவிட வாரிவிட, அவை நிமிர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. விளக்குக் கம்பம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. போன வருடம் தார் ஊற்றி அடைத்த வெடிப்பு மறுபடி வாயைப் பிளந்திருந்தது. சாலையோர ஓடையில் எப்போதும் கண்ணாடியாக வரும் தண்ணீர் இன்று சேறாக வந்தது. இத்தனையும் கண்முன்னால் கிடக்க, இவன் கதவின் மூலையைச் சீவிக்கொண்டிருந்திருக்கிறான். அவமானமாக இருந்தது.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அவள் வீட்டுக்காரர் வேலையில்.

"அக்கா, கிளம்பு. ரெண்டு நாள் நம்ம வீட்ல இரு. இந்த மலை நகருது."

"ரெண்டு மாசம் முன்னாடி என் ரூம் கதவை இழைச்சிட்டு என்னடா சொன்ன? மழைதான்க்கா, வேற ஒண்ணுமில்லைன்னு சொன்ன."

"அப்போ தெரியலக்கா."

"தச்சனுக்குத் தெரியாம தையல்காரனுக்கா தெரியும்?"

வாய்ப்பேச்சு அவளிடம் எடுபடாது என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும். திருப்புளியை எடுத்தான். வாசற்கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாத்தினான்.

"அடப்பாவி! வீட்டைத் தொறந்து போட்டுட்டியே!"

"இனிமே உள்ள மாட்டிக்க மாட்ட. வா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த கதவையும் பார்த்தாள். குரல் இறங்கியது. "சரி, வர்றேன். இந்தக் கோலத்தோடயா தெருவுல நிப்பேன்? துணி மாத்திட்டு வந்துடறேன்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது. அவ்வளவு நன்றாக இழைத்திருந்தான்.

அப்போதுதான் கவனித்தான், ஓடைச் சத்தம் நின்றுபோயிருந்தது. மழை பெய்துகொண்டுதான் இருந்தது; மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை மறித்திருக்க வேண்டும். காலடியில் ஏதோ ஒரு முறை முனகியது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

"தம்பி," உள்ளேயிருந்து அக்கா. "கதவு வரலடா."

"இழுத்துப் பாருக்கா!"

"இழுத்துட்டேன். மேல பிடிக்குது."

தோளால் இடித்தான். உள்பக்கம் திறக்கும் கதவு. எவ்வளவு இடித்தும் அசையவில்லை; இறங்கிய நிலை அதன் மேல்மூலையைக் கவ்விக்கொண்டிருந்தது. கீல்கள் உள்ளே. ஜன்னலுக்குக் கம்பி. எல்லாம் அவன் கைவேலைதான்.

கீழே சந்து இருந்தது. மலையே திறந்துவிட்ட சந்து. திருப்புளியை அதன் வழியே தள்ளினான்.

"கீல்ல இருக்கிற திருகாணியைக் கழட்டுக்கா. மேல இருந்து ஆரம்பி. இடப்பக்கமா திருகு. மொத்தம் பன்னெண்டு."

"சரிடா. அழாத."

உள்ளே இரும்பு கிறீச்சிட்டது. ஒரு திருகாணி தரையில் விழும் ஓசை கேட்டது. பிறகு அது யாரும் தள்ளாமல் தானாகவே உருண்டு, சந்து வழியே வெளியே வந்து, அவன் காலைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் போனது.

இன்னும் பதினொன்று.