தொண்ணூற்றாறு ஊசி

1

இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தால் என் இடது கண் அவிந்து போகட்டும். (வலது கண் எனக்கு வேண்டும். இடது கண்ணில் புரை விழுந்து நாலு வருடமாகிறது.)

கதை எனக்குக் கிடைத்தது மறையூரிலிருந்து மூணாறு போகும் சாலையில். பஸ்ஸின் டயர் வெடித்து எல்லோரும் இறங்கி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்த பாவா என்கிற பழைய கம்பவுண்டர் சொன்னார். டயர் மாற்ற முக்கால் மணி நேரம். கதையும் சரியாக அவ்வளவே. குறைந்த இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன், உண்மையைக் கொண்டே.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'கரும்புப்பாகு கொதிக்கும் வாசனை பள்ளத்தாக்கெங்கும்' வேண்டாம். அடுத்த வரியிலேயே சந்தனமரம் வந்து நிற்கும்.

'மருத்துவம் என்பது யாதெனில்' எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

'டாக்டர் சிக்கந்தர் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவார்.' இது நிற்கட்டும்.

2

மற்றக் காது, நோயாளி சொல்வதைக் கேட்க.

சிக்கந்தர் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே. அத்தாவுக்கு நாட்டு மருந்துக்கடை. சுக்கும் திப்பிலியும் மணக்கிற சட்டையோடு மதராஸ் போய் எல்.எம்.பி. படித்துவிட்டு வந்தார். ஆங்கில மருந்துக்கு நோயைத் தெரியும், நாட்டு மருந்துக்கு நோயாளியைத் தெரியும், இரண்டையும் ஒரே குப்பியில் [இந்த வாக்கியம் எனக்கு முடியவில்லை. அவருக்கும் கடைசிவரை முடிந்ததாகத் தெரியவில்லை.]

மறையூர்க் கடைத்தெருவில் டிஸ்பென்சரி வைத்தார். மனைவியின் தம்பி பாவாதான் கம்பவுண்டர். ஒரு அலமாரியில் சல்ஃபா மாத்திரை, எதிர் அலமாரியில் ஆடாதோடை. பென்சிலின் போட்டால் கத்தரிக்காய் கூடாது என்பார் டாக்டர். பென்சிலினுக்கும் கத்தரிக்காய்க்கும் எந்தப் பகையும் கிடையாது. ஆனால் பத்தியம் சொல்லாத மருந்தை மலையில் யாரும் மருந்தென்றே மதிப்பதில்லை. ஒருமுறை ஒரு எஸ்டேட் குதிரை, ஊசி போட்டுக்கொண்ட பிறகு, பத்தியம் சொல்லும்வரை வாசலை விட்டு நகரவில்லையாம். கொள்ளுத் தீனியைக் குறை என்றதும் போய்விட்டதாம். நான் நம்புகிறேன்.

3

1954 ஜனவரிக் கடைசியில் கத்தரீனாள் வந்தாள். மேலே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள், விதவை. இருமல், சாயங்காலக் காய்ச்சல், சேலைத் தலைப்பில் ரத்தப்பொட்டு. சிக்கந்தருக்கு ஒரு காதே போதுமானதாக இருந்தது. காசநோய்.

(கத்தரீனாளை முதலில் அழகியாக எழுதியிருந்தேன். சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். பாவா அவளைப் பற்றிச் சொன்ன ஒரே வர்ணனை: வாய் நீளம்.)

எஸ்டேட்டில் விஷயம் தெரிந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு போகும். அவளும் இரண்டு பிள்ளைகளும் மலையிறங்க வேண்டியதுதான். கீழே அவர்களுக்கு ஊர் என்று எதுவும் மிச்சமில்லை. கங்காணி யாக்கோபு இரக்கப்பட்டு, அவள் தங்கச்சி இன்பமேரியின் பேறுகாலத்துக்கு மறையூர் போயிருக்கிறாள் என்று சொல்லி மூன்று மாதம் பெயரைப் பிடித்து வைப்பதாக ஒப்புக்கொண்டார். மே மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை, ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில், இருமாமல் நிற்க வேண்டும்.

சிக்கந்தர் விரல் மடக்கினார். ஸ்ட்ரெப்டோமைசின், தினம் ஒரு ஊசி, தொண்ணூறு நாள். பிப்ரவரி ஒன்றில் தொடங்கினால் மே ஒன்றில் முடியும். கச்சிதம்.

கூடவே தினமும் முட்டையும் பாலும் பத்தியம் என்றார். அவள் அதை மதிக்கவில்லை.

"விடுததுதானய்யா பத்தியம்? திங்கது எப்பிடிப் பத்தியமாவும்?"

முட்டையெல்லாம் இன்பமேரி வயிற்றுக்குப் போயிற்று. ஆகவே பாவா முட்டையைப் பாலில் அடித்து, வெல்லமும் சுக்கும் கலந்து, மிக்சர் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் காகிதப்பட்டையை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். கசக்கவில்லையே என்று குறையும் சொன்னாள். மறுநாளிலிருந்து கொஞ்சம் நிலவேம்பு சேர்ந்தது.

4

முப்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. அவளும் ஊசியை விடப் பார்த்தாள். சுகமானவளுக்கு எதற்கு ஊசி? பாதியில் நிறுத்தினால் நோய் முன்னைவிட முரடாகத் திரும்பும் என்று சிக்கந்தர் பொறுமையாக விளக்கினார். கிருமியைப் படம் போட்டும் காட்டினார். அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

அப்போதுதான் அத்தாவின் கடைப் பேச்சு அவருக்குக் கைகொடுத்தது.

"இது ரெண்டு மண்டல மருந்துங்க. மண்டலம் பாதியில முறிஞ்சா உள்ள போனதெல்லாம் வெஷமாயிரும்."

கத்தரீனாள் சிலுவை போட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

ஒரு மண்டலம் நாற்பத்தெட்டு நாள்.* இரண்டு மண்டலம் தொண்ணூற்றாறு. கடைசி ஆறு நாளும் வெறும் தண்ணீரைக் காய்ச்சி வடித்து ஏற்றினால் போயிற்று என்று நினைத்தார் சிக்கந்தர். மே மூன்று அவர் நினைவில் இல்லை. பொய் சொல்லும்போது காலண்டரையும் பார்த்துச் சொல்ல வேண்டும். இது என் சொந்த அனுபவம்.

* மலையாள வைத்தியர்களுக்கு நாற்பத்தொன்று. அன்று அவர் வாயில் மலையாளம் வந்திருந்தால் தொண்ணூறுக்கு எட்டு ஊசி குறைந்திருக்கும், இந்தக் கதையும் இருந்திருக்காது.

5

மே ஒன்று, சனிக்கிழமை. தொண்ணூறாவது ஊசி போட்டாயிற்று. இருமல் இல்லை. எடை ஒன்பது ராத்தல் கூடியிருந்தது. யாக்கோபு ஆள் அனுப்பியிருந்தார்: புதிய துரை நேரிலேயே எண்ணுகிறார், திங்கட்கிழமை வராவிட்டால் பெயர் வெட்டு. நாளைக்கே பஸ் ஏறு என்றார் சிக்கந்தர். கத்தரீனாள் நகரவில்லை. இன்னும் ஆறு நாள் கிடக்கிறதே.

பாவா மலையாளக் கணக்கை எடுத்துவிட்டார். அந்தக் கணக்கில் எண்பத்திரண்டிலேயே முடிந்துவிட்டதாம், எட்டு நாள் லாபமாம்.

"எனக்கு இருமல் தமிழ்லல்லாய்யா வந்திச்சு," என்றாள் அவள்.

மீதி ஊசியை மேலே போட்டுக்கொள்ளலாமென்றால், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் குட்டு உடைந்துவிடும். ஆறையும் இன்றைக்கே போட்டுவிடலாமா என்று சிக்கந்தர் மெல்லக் கேட்டார்.

"ஆறு வெள்ளிக்கெழம கறி விடுத சுத்தபோசனத்த ஒரே நாள்ல இருந்து முடிச்சா, சாமியார் ஒத்துக்கிடுவாரா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

"வீடு போனா போவட்டும்யா. மருந்து வெஷமாயி நான் செத்துட்டா, எம்புள்ளையள யாரு பாப்பா?"

பாவா குனிந்து, குழல் மாட்டாத காதில் சொன்னார்: "மச்சான், நெசத்தைச் சொல்லிப்போடுங்க. வேற வழியில்லீங்க."

அது சிக்கந்தருக்குத் தெரியாமலில்லை. மண்டலம் என் கற்பனை என்று சொன்னால் அவள் பஸ் ஏறலாம். ஆனால் வேறு எதெல்லாம் கற்பனை என்று அடுத்ததாகக் கேட்பாள். அவள் கேட்டால் லயம் முழுக்கக் கேட்கும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை சுகமாகத் திரும்பிப் போவாள், வீடு இருக்காது. இருபது வருடமாக இரண்டு வைத்தியத்தையும் கலந்தவர், எது எங்கே முடிகிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தார்.

ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வாயைத் திறந்தார்.

6

முடிவு ஒன்று. சொல்லிவிடுகிறார். திங்கட்கிழமை அவள் பெரட்டில் நிற்கிறாள், வீடு தப்புகிறது. அடுத்த மழைக்காலத்தில் மூத்த பிள்ளைக்கு இருமல் வருகிறது. டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போ என்று யாக்கோபு சொல்ல, அவள் (இதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு. சொல்லவில்லை. ஆறு நாள் தண்ணீர். வெள்ளிக்கிழமை, நோயுமில்லாமல் வீடுமில்லாமல், இரண்டு பிள்ளைகளோடு சாலையில்

முடிவு மூன்று. சிக்கந்தரே தினமும் மலையேறி, தேயிலைச் செடிக்குள் பதுங்கி, ஆறு ஊசியையும் போட்டுவிடுகிறார். ஐந்தாம் நாள் வழிமறித்த யானைக்கும் பத்தியம் சொல்லி அனுப்புகிறார். இது பாவா கட்சி. குதிரையை நம்பினேன். யானையை நம்ப முடியவில்லை.

எதையாவது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதிரே கத்தரீனாள் நிற்கிறாள், அதிக நேரம் காக்க வைக்காதீர்கள்.

7

அந்த டிஸ்பென்சரிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் முதன்முதலாக வந்து சேர்ந்தது 1957 மார்ச்சில், கத்தரீனாளின் தொண்ணூறாவது ஊசிக்கு ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து.