பந்து வருவதற்கு முன்

வியாழக்கிழமை சாயங்காலமானால் அர்லீதாவின் சமையலறையில் நாற்காலிகள் முனக ஆரம்பித்துவிடும். ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கு மூலையில் இருக்கும் அந்த ஊர்ப் பள்ளியில் அது எழுதாத சட்டம். வெள்ளிக்கிழமை அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு முந்தைய நாள், குவார்ட்டர்பேக்கின் வீட்டில் முன்வரிசைப் பையன்கள் ஐந்து பேருக்கும் சாப்பாடு. பந்தைக் கையில் வாங்கி, எறிவதா ஓடுவதா என்று கண்மூடித் திறப்பதற்குள் தீர்மானிக்கிறவன் குவார்ட்டர்பேக். அவன்மேல் யாரும் வந்து விழாதபடி உடம்பைச் சுவராக்கி அடி வாங்குகிறவர்கள் இந்த ஐவர். இவர்களை யாரும் படமெடுப்பதில்லை, பத்திரிகையில் பெயர் போடுவதும் அபூர்வம். வயிறாரச் சாப்பாடாவது போட வேண்டாமா? பன்றிக்கறித் துண்டுகளைப் பொரித்து, கீரை வேகவைத்து, பாலாடைக்கட்டி மக்ரோனியும் சோளரொட்டியும் கல்யாண வீட்டுக்குச் செய்வதுபோலச் செய்வாள். மூன்று பையன்கள் அர்லீதாவைப் போலக் கறுப்பர்கள், இரண்டு பேர் வெள்ளைக்காரர்கள். வயிறு மட்டும் ஐவருக்கும் ஒரே அளவுதான்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு மனசே சரியில்லை. மத்தியானம் இன்னொரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மகன் மார்செலை எங்கள் அணியில் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் பந்தைத் துரத்திப் பிடிக்கிறவனாகத்தான், குவார்ட்டர்பேக்காக இல்லை என்றார்கள். இதற்கு முன்பு கூப்பிட்டவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆறு வயதிலிருந்து அவன் ஆடிவந்த இடம் அது. தூக்கத்தில்கூட அதைத்தான் பேசுவான். டிசம்பரில் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்துப் போடும் நாள் வருவதற்குள் ஒருவராவது அவனைக் குவார்ட்டர்பேக்காகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கதை அத்துடன் முடிந்தது.

கல்லூரிக்காரர்கள் எல்லோரும் புரட்டிப் பார்க்கிற இணையதளத்தில் மார்செலின் படத்துக்கு நேரே குவார்ட்டர்பேக் என்றே இல்லை. ‘அத்லெட்’ என்று போட்டிருந்தது. வேகமாக ஓடுவான், எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்கிற பையன்களுக்கு வைக்கும் பெயர் அது. கீழே, ‘கடவுள் கொடுத்த கால்கள், பட்டை தீட்டாத வைரம்.’ அதே பக்கத்தில் பக்கத்து மாவட்டத்து வெள்ளைக்காரப் பையனைப் பற்றி, ‘ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவன், பயிற்சிக்கு முதல் ஆளாக வருபவன்.’ முதல் ஆளாக வருவது யார் என்று இவர்கள் பள்ளி வாசலில் விசாரித்திருக்கலாம். அர்லீதா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விடியும் முன்பே அவளோடு கிளம்பி வந்து, பூட்டிய கதவருகே உட்கார்ந்து எதிரணியின் பழைய ஆட்டங்களை ஃபோனில் பார்த்துக்கொண்டிருப்பவன் அவள் மகன்தான். கால்களைக் கடவுள் கொடுத்தார், சரி. தலையை வேறு யாரோ கொடுத்தார்களா என்று அவளுக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது.

“மிஸ் அர்லீதா, நீங்க காலேஜுக்கு அனுப்புற வீடியோவ நாங்க பாக்கவே இல்லையே,” என்றான் ஜமார். வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவன், கதவை அடைத்தாற்போல் ஆள்.

அவளே வெட்டி ஒட்டிய வீடியோ அது. காலை சவாரிக்கும் மாலை சவாரிக்கும் நடுவே, நிறுத்திய பேருந்தில் உட்கார்ந்து ஃபோனில் செய்தது. பெருமையாகவே போட்டுக் காட்டினாள். மார்செல் ஓடுகிறான், தாண்டுகிறான், ஒருவன் கையிலிருந்து நழுவி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுக்கிறான். ஒவ்வொன்றும் அவன் ஓடத் தொடங்கும் நொடியில் ஆரம்பித்தது.

“முன்னாடி பாதியக் காணோமே,” என்றான் ஜமார்.

“எந்தப் பாதி?”

“பந்து வர்றதுக்கு முன்னாடி இருக்குமே, அது.”

“எல்லாரும் சும்மா நிக்கிறதத்தான் வெட்டுனேன் கண்ணு. அத யாரு பாப்பா?”

ஐந்து வாய்களும் மெல்லுவதை நிறுத்தின. அந்தச் சமையலறையில் அப்படி நடந்ததே இல்லை.

“சும்மாவா?” என்றான் வேட். நடுவில் நின்று பந்தை மார்செலிடம் கொடுப்பவன். வேர்க்கடலை விவசாயி வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளை. “அந்த நீள ஓட்டத்தப் போடுங்க. கோச் சொன்ன ஆட்டமே இது இல்ல. எதிர் டீம்ல அந்த நாப்பத்திநாலாம் நம்பர் இடது குதிகாலத் தூக்கிட்டு நின்னான், பாயப் போறான்னு அர்த்தம். இவன் பாத்துட்டான். நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டி, ‘ஊதா’ன்னு கத்துனான், ஆட்டத்த மாத்தச் சொல்ற வார்த்த அது. நாங்க அஞ்சு பேரும் வலப்பக்கம் சாஞ்சோம். அவனுங்க மொத்தப் பேரும் எங்களத் தொரத்திக்கிட்டு வந்தானுங்க. இடப்பக்கம் காலி. அந்த வழில எங்கப்பா டிராக்டர் கூட போயிருக்கும்.”

“ஓடுனதுல என்ன இருக்கு? ஓட வழி பண்ணுனான் பாருங்க, அதான் ஆட்டம்,” என்றான் ஜமார்.

“என்னப் பத்தி பேப்பர்ல என்ன போட்டான் தெரியுமா?” வேட் சிரித்தான். “‘அறிவாளி ஆட்டக்காரன்’னு. அல்ஜீப்ரால ரெண்டு தடவ கோட்ட விட்டவன் நான். மூணாவது தடவ இவன் சொல்லிக்குடுத்துப் பாஸானேன். ‘மூளை’ எனக்கு, ‘கால்’ இவனுக்கு. மூஞ்சியப் பாத்தே எழுதிடுறானுங்க.”

பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அர்லீதா மகனைப் பார்த்தாள். அவன் தட்டிலிருந்த கீரையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

“ஏண்டா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

“நீ ஆசையா பண்ணிருந்தம்மா. அந்த ஓட்டத்துக்குத்தான எந்திரிச்சு நின்னு கத்துன. அதப் போயி என்னத்தச் சொல்ல?”

அவளுக்குச் சுருக்கென்றது. இணையதளத்தில் எழுதுகிறவன் மார்செலை நேரில்கூடப் பார்த்திருக்க மாட்டான். இவள் பெற்றவள். இவளும் கத்தரிக்கோலை எடுத்து அவன் யோசிப்பதையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு, கால்களை மட்டும் ஊருக்கு அனுப்பிவைத்திருக்கிறாள். அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அந்த ஐந்து தடியர்கள்மேல் நன்றி வந்தது. எதிரணியின் வேர்வையை முகத்துக்கு நேரே மோந்துகொண்டு நிற்கிறவர்கள், முதுகுக்குப் பின்னால் தன் மகன் செய்வதை ஒன்றுவிடாமல் கவனித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று பீச் பழம் வைத்துச் சுட்டிருந்த இனிப்பை முழுசாக எடுத்து நடுவில் வைத்தாள்.

மறு வாரம் மதிய இடைவேளைகளில் ஐவரும் அவள் பேருந்துக்கு வந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் இருக்கைகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, எதை எங்கே தொடங்க வேண்டும் என்று சொன்னார்கள். “இன்னும் முன்னாடி போங்க மிஸ் அர்லீதா. இன்னும். ஆங், அங்க.” புது வீடியோவில் பாதி நேரம் பையன்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். இதை எவனும் பொறுமையாகப் பார்க்க மாட்டான் என்றார் உதவிக் கோச். அவள் அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு பதிலே இல்லை. இணையதளத்தில் ‘அத்லெட்’ அப்படியே இருந்தது. நவம்பரும் பாதி போய்விட்டது.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாடு முடிகிற நேரத்தில் மார்செலின் ஃபோன் அடித்தது. டென்னசி மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி; கூப்பிட்டவர் அங்கே குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். மார்செல் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தான்.

“உன் வீடியோவ முழுசாப் பாத்தேம்பா,” என்றது குரல். “அந்த நீள ஓட்டம். பந்து வர்றதுக்கு முன்னாடி நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டுனியே, அப்ப என்ன பாத்த?”

இதுவரை கூப்பிட்டவர்கள் எத்தனை விநாடியில் எத்தனை கெஜம் ஓடுவாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். மார்செல் அம்மாவைப் பார்த்தான். அவள் தன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மேசையில் அவனுக்கு இடம் விட்டாள்.

“அந்த நாப்பத்திநாலு சார், அவன்ட்ட ஒரு பழக்கம் இருக்கு,” என்று ஆரம்பித்தான். உப்புக்குடுவையை எடுத்து எதிரே வைத்தான், மிளகுக்குடுவையைப் பின்னால் தள்ளினான். ஃபோனில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது என்பதை மறந்தே போயிருந்தான். அவன் குரல் நிதானமாக, நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. ஃபோனின் மறுமுனையில் இருந்தவர் குறுக்கே பேசவில்லை. பேசிக்கொண்டே முன்வரிசைக்காகச் சோளரொட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். நான்குதான் இருந்தன. அவன் கை ஐந்தாவதைத் தேடிக் காலித் தாம்பாளத்தைத் தடவியது.

ஜமார் தன் தட்டிலிருந்த கடித்த துண்டை எடுத்து, வெண்ணெயைச் சட்டையில் துடைத்துவிட்டு, வரிசையின் இடது ஓரத்தில் வைத்தான்.