ஆற்றிடை மேட்டில் நின்ற இஞ்ஞாசி

வெண்கோபுரம் உயர்த்திக் கீழ்க்கடலை நோக்கி நிற்கும் சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு தன் நெடுவழி முடித்து உவர்நீரில் கலக்கும் கழிமுகமானது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டுப் புரட்டாசித் திங்களின் ஒரு காலையில், விடிந்தும் விடியாததுபோல் ஈயநிறம் பூண்டு கிடந்தது. ஓயாது பொழிந்த பெருமழையால் ஏரிகள் உடைந்துபோக, கூரைகளையும் கன்றுகளையும் வேரோடு பெயர்ந்த தென்னைகளையும் சுமந்துகொண்டு, மதங்கொண்ட களிறென ஆறு கடலை நோக்கிப் பாய்ந்தது. பட்டினப்பாக்கத்து மீனவர், கட்டுமரங்களோடு சைதாப்பேட்டைப் பக்கம் தத்தளிப்போரை மீட்கச் சென்றிருந்தனர். குப்பத்தில் பெண்டிரும் சிறாருமே எஞ்சினர்.

அவ்வேளையில், தந்தையைக் கடலுக்குப் பறிகொடுத்த அருளாயி என்னும் சிறுமி, ஆற்றிடை மேட்டில் இருந்த மரியன்னையின் சிறுகோவில் மணி விட்டுவிட்டு ஒலிப்பதைக் கேட்டாள். ஆண்டவரின் திருவுடலாம் அப்பம் வைத்த நற்கருணைப் பேழையை வெள்ளம் தீண்டுமுன் எடுத்துவர முதல்நாள் அங்குச் சென்ற முதிய பங்குத்தந்தை, இன்னும் திரும்பவில்லை. அருளாயி, தந்தை விட்டுச்சென்ற பழைய கட்டுமரத்தைத் தனியே நீரில் தள்ளலானாள். அவள் அண்ணன் இஞ்ஞாசியோ, தந்தை இறந்த நாள்தொட்டு நீரைக் கண்டாலே நடுங்குபவன். ஆயினும் தங்கை படும் பாட்டைக் கண்டதும் வந்து, மரத்தின் மறுமுனையில் தோள்கொடுத்தான்.

சுழல்களுக்குத் தப்பி, மிதந்து வந்த மரங்களைத் துடுப்பால் விலக்கி, வாய்க்குள் மரியன்னையை அழைத்தபடி இருவரும் மேட்டை அடைந்தபோது, அங்கே இருந்தவர் பங்குத்தந்தை மட்டும் அல்லர். குடிசையை ஆறு கொண்டுபோக மேட்டில் ஒதுங்கிய அமீனா பீ என்னும் கைம்பெண்ணும், அவள் மார்பில் ஒரு பச்சிளங்குழந்தையும் இருந்தனர். வெள்ளம் கோவில் படிகளை ஒவ்வொன்றாய் விழுங்கிக்கொண்டிருந்தது. நைந்த கட்டுகளையுடைய அம்மரமோ இருவருக்குமேல் தாங்காது.

பங்குத்தந்தை பேழையை மார்போடு அணைத்துக்கொண்டு, "மகளே, தாயையும் சேயையும் முதலில் கொண்டுசெல். ஆண்டவரோடு நான் காத்திருப்பேன்" என்றார்.

துடுப்பைப் பற்றியிருந்த இஞ்ஞாசி, அதைத் தங்கையின் கையில் வைத்தான். "நீதான் லேசா கீற, மரம் தாங்கும். நான் சாமியாண்ட இருக்கேன். சீக்கிரமா வந்துடு" என்றான். அருளாயி மறுத்தாள், அழுதாள், அவன் அதற்குமேல் ஒன்றும் கேளாது மரத்தை நீரில் தள்ளிவிட்டான். திரும்பிப் பார்த்தபோது, முதியவரின் கையைப் பற்றிக்கொண்டு முழங்கால் நீரில் அவன் நிற்பது, மழைத்திரைக்கு அப்பால் மங்கலாய்த் தெரிந்தது.

கைத்தோல் உரியத் துடுப்பு வலித்து, தாயையும் சேயையும் கரைசேர்த்து, மூச்சும் வாங்காமல் மரத்தை அவள் மீண்டும் திருப்பிய கணத்தில், மேற்கே எங்கோ மற்றுமோர் ஏரி உடைந்த வெள்ளம், சுவர் நடந்து வருவதுபோல் வந்தது. கரையிலிருந்த பெண்டிர் பாய்ந்து அவளைப் பிடித்துக்கொண்டனர். அவள் அவர்களைக் கடித்தாள், உதைத்தாள், அவர்கள் விடவில்லை. நீர் தணிந்தபோது மேடும் இல்லை, கோவிலும் இல்லை. பேழையை அணைத்தபடியே இருந்த பங்குத்தந்தையின் உடலைக் கடல் மூன்றாம் நாள் கரையில் கிடத்திற்று. இஞ்ஞாசியை அது திருப்பித் தரவேயில்லை.

வெள்ளம் மேட்டைக் கொண்டுபோன அன்று மாலை, செய்தி கேட்டுக் கல்லாய்ச் சமைந்து குடிசைக்குள் அமர்ந்திருந்த தாய் மதலேனாளின் முன், அருளாயி சுருண்டு கிடந்தாள். வாயிலுக்கு வெளியே, கொட்டும் மழையில், உள்ளே வரத் துணியாது குழந்தையோடு நின்றாள் அமீனா பீ.

"ஒங்க புள்ள எடத்துல நான் வந்துட்டேம்மா" என்றாள் அவள், தலைகவிழ்ந்து.

மதலேனாள் அவளை நெடுநேரம் நோக்கினாள். அந்நோக்கில் இருந்தது சினமா, துயரா என அருளாயியால் அறியக்கூடவில்லை. பின்பு தாய் மெல்ல எழுந்து, தன் மகன் படுக்கும் பாயை உதறி விரித்தாள்.

"உள்ள வா. கொயந்த நனையுது" என்றாள்.

அப்பாயில் அக்குழந்தை உறங்கியபின்னரே, அத்தாய் வாய்விட்டு அழுதாள். அன்புடையீர், கழிமுகத்தில் அந்த மேடு பின்னர் எழவேயில்லை. கடலோ, தான் கொண்டவர் பெயரைக் கரைக்குச் சொல்லாமல், இன்றும் அலையடித்துக்கொண்டிருக்கிறது.