பூவாத்தாள் பேரில் ஒரு கணக்கு

இருபத்தாறு வயதுப் பெண்ணிடம், "போய் உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வா" என்று ஒரு அதிகாரி சொல்லி அனுப்பினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜீவிதா பள்ளிக்கூடத்தில் படித்தபோதுகூட அவளுக்காக நான் போய்க் கைகட்டி நின்றதில்லை. மைசூரில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள், இப்போது போய் என்னை வரச் சொல்கிறார்களாம்!

"என்ன பண்ணித் தொலைச்செ அம்மிணி?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலம்மா. அவரு ஏதோ கோவத்துல சொல்லிட்டாரு. நீ வர வேண்டாம்."

முகம் செத்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு போகாமல் இருப்பேனா?

மைசூர் ஹெப்பாளில் ஃபேக்டரி ஆட்களுக்கு மெஸ் நடத்துகிறேன். மறுநாள் சாம்பாரை இறக்கி வைத்து, பரிமாறுகிற வேலையை உதவிக்கு இருக்கும் மாதம்மாவிடம் விட்டுவிட்டு, கல்யாணங்களுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டினேன். சண்டைக்குப் போகும்போது நன்றாக உடுத்திக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது சர்க்கரை வாங்கலாம் என்று ரேஷன் கார்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் அவளிடமிருந்து விஷயத்தைக் கறந்தேன். ராகிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சத்து இருக்கிறதாம். அது நூல்கண்டு மாதிரி எப்படிச் சுருண்டு மடங்குகிறது என்பதுதான் இவள் போடுகிற கணக்கு. இங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் போட்டால் முடிவதற்குள் இவளுக்குத் தலை நரைத்துவிடும். பெங்களூரில் பூதம் மாதிரி ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பல ஊர் ஆராய்ச்சிக்காரர்களும் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தை ஒரு கமிட்டி பார்த்து, இன்னாருக்கு இவ்வளவு நேரம் என்று ஒதுக்கும். டெலிபோன் லைன் வழியாக மைசூரில் உட்கார்ந்தே வேலை செய்யலாம்.

ஒதுக்கியும் விட்டார்கள். யாருக்கு? "திரு. ஜே. பூவாத்தாள்" என்பவருக்கு!

விண்ணப்பத்தில் குடும்பப் பேர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். நமக்கு ஏது குடும்பப் பேர்? இவள் இன்ஷியலை விரித்து எழுதியிருக்கிறாள். அந்த இன்ஷியல் நான். இவள் பிறப்பதற்கு முன்பே ஓடிப்போனான் இவளுடைய அப்பன், மகராசன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பேர் கேட்டார்கள். "சோறு போடறவ பேரை எழுதுங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் பி. ஜீவிதா.

பேரைத் திருத்துவதென்றால் மறுபடி கமிட்டி கூட வேண்டும். அது யுகாதிக்கு அப்புறம். இவளுடைய உதவித்தொகை யுகாதிக்கு முன்பே முடிகிறது. அதற்குள் கணக்கு முடியாவிட்டால் பட்டமாவது ஒன்றாவது, இத்தனை வருஷப் படிப்பும் பாழ்.

"இதை ஏன்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"உன் பேரால வந்த வினைன்னு நீ நெனைச்சுக்குவியேன்னுதாம்மா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஒரே குளிர். அதிகாரி பசவராஜ் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன்.

"நான்தான் பூவாத்தாள். வரச் சொன்னீங்களாமே?"

மனுஷன் துள்ளி எழுந்தார். "தேவரே! பன்னி, கூத்கொள்ளி", வாங்க, உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "யாரிந்த பூவாத்தாள்னு கேட்டேன், எங்கம்மான்னா. அப்போ உங்கம்மாவையே கூட்டிட்டு வான்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நிஜமாவே வந்துட்டீங்களே!"

கட்டி வந்த சண்டையெல்லாம் வீணாகப் போனது. நல்ல மனுஷனாக இருந்தார். இவளுக்காகப் பெங்களூருக்குப் பலமுறை போன் போட்டுப் பார்த்திருக்கிறார். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரே நேரில் வர வேண்டும், அடையாளம் காட்ட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்று அங்கே அடம் பிடிக்கிறார்களாம்.

"பேருக்காரி நேர்ல வரணும், அவ்வளவுதானே? வந்துட்டேன். அடையாளம் வேணுமா? இந்தாங்க ரேஷன் கார்டு. இன்னும் என்ன வேணும்?"

பசவராஜ் மேஜை டிராயரை இழுத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கணக்குக்காரர் தனக்காக வேலை செய்ய ஒருத்தரை வெச்சுக்கலாம்னு இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உடனே போனைச் சுழற்றினார். எதையும் மறைக்கவில்லை, நான் யார், மகள் யார், பேர் எப்படி மாறியது எல்லாவற்றையும் சொல்லி, "பொறுப்பு என்னுது சார்" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். ஜீவிதா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்னம்மா ஆராய்ச்சி பண்றீங்க?" என்றது பெங்களூர்க் குரல்.

"நான் மெஸ் நடத்தறேன் சார். ராகியில களி கிண்டத்தான் எனக்குத் தெரியும். ஆராய்ச்சி பண்றது என் மக. பேரு என்னுது, மூளை அவளுது. நான் கையெழுத்துப் போடறேன், அவளை உள்ள விடுங்க."

ஜீவிதா முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"போடுங்கம்மா கையெழுத்து. கமிட்டி கூடும்போது பேரைத் திருத்திக்கலாம்."

போட்டேன். ரகசிய வார்த்தையையும் நான்தான் சொல்ல வேண்டுமாம். மகள் காதில் சொன்னேன். அது என்னவென்று உங்களிடம் சொல்ல மாட்டேன், யாரிடமும் சொல்லக் கூடாது என்று பசவராஜ் சொல்லியிருக்கிறார்.

ஜீவிதா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பசவராஜ் சங்கடப்பட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கம்மா, இங்கிலீஷ்ல எட்டெழுத்துக்கு மேல இது வாங்காது. உங்க பேர்ல கடைசி எழுத்து போயிடுச்சு" என்றார்.

"என்னன்னு இருக்குது? படி கண்ணு."

"பூவாத்தா" என்று படித்தாள். படித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெற்றவளை அவள் பேர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.

ரேஷன் கார்டில்தான் நான் பூவாத்தாள். பிறந்த ஊரான ஹனூரில் என்னைப் பெற்றவள் கூப்பிட்டது பூவாத்தா. மைசூருக்கு வந்த பிறகு அக்கா, ஆன்ட்டி, மெஸ்காரம்மா. அந்தப் பேரைச் சொல்ல ஓர் ஆளில்லை. எனக்குக் கண் நிறைந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை.

"இனிமே தினமும் இதை அடிச்சாத்தாம்மா உள்ள போக முடியும்" என்றாள், பயந்த மாதிரி.

"அதுக்கென்னடி? நல்லாக் கூப்பிடு."

அவள் கூப்பிட்டாள். பெங்களூர்க் கதவு திறந்துகொண்டது.