ஒரு சொட்டு வெள்ளை

விரல் செய்வது என் தொழில். விபத்தில் விரலை இழந்தவர்களுக்குச் சிலிகானில் ரேகை, நகம், சுருக்கம் எல்லாம் வைத்து வார்த்துக் கொடுப்பேன். நிறம் கலக்கும்போது மட்டும், யாரும் கேட்காமலே ஒரு சொட்டு வெள்ளையைக் கூடுதலாக விடுவேன். பதினோரு வருடமாக இது என் கடையின் சலுகை. ஒருவரும் குறை சொன்னதில்லை. நானே அடுப்புக்கரிக்குத் தூரத்து உறவு. நான் பிறந்தபோது அம்மா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பையன்தானே, பரவாயில்லை" என்றாளாம். அப்படிப்பட்டவனுக்கு அடுத்தவர் மனசு தெரியாதா?

அன்று காலை வந்தவள் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெண். லிஃப்ட் கதவில் வலது ஆள்காட்டி விரல் போய்விட்டது. நான்கு மாத விடுப்பு முடிந்து மறுநாள் வேலைக்குத் திரும்புகிறாள். கூடவே அவள் அக்கா.

விரலை மாட்டிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது.

"அடியே, எவ்வளவு கலரா இருக்கு பாரு!" என்றாள் அக்கா. "அண்ணன் கைராசி."

அடக்கமாகச் சிரித்தேன். பாராட்டு வரும்போது எனக்கு அடக்கம் தானாக வந்துவிடும்.

தங்கை கையை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"அண்ணா, மீதி ஒம்பதையும் எப்ப மாத்துவீங்க?"

"என்னம்மா?"

"இது வேற யாரோட விரலோ. கவுண்டர்ல நாள் பூரா ஜனங்க பாக்குறது என் கையை மட்டும்தான். விரல் இல்லைன்னா ஒரு தடவை 'ஐயோ'ன்னுட்டுப் போயிடுவாங்க. இதைப் போட்டுட்டு உக்காந்தா கண்ணை எடுக்க மாட்டாங்க. யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே செய்யச் சொன்னேன்?"

"சும்மா கிடைச்ச கலரை வேண்டாங்கறா பாருங்க!"

"ஒத்தை விரல் மட்டும் செவப்பா இருந்து என்னக்கா பண்ண? அதுக்கு மட்டும் தனியா மாப்பிள்ளை பாக்கப் போறியா?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாயங்காலம் வாங்கம்மா" என்றேன், விரலைக் கழற்றி வாங்கிக்கொண்டு.

கரும்பழுப்புச் சாயப் புட்டியின் மூடி திறக்கவில்லை. தொட்டு எத்தனை வருடமோ! குறடு போட்டுத் திருகினேன். மேலே ஆடை கட்டியிருந்தது. கிளறினால் அடியில் நன்றாகவே இருந்தது. வெள்ளைப் புட்டியோ மூடியே இல்லாமல் பக்கத்தில் நின்றது. பழக்கதோஷம், கை இரண்டு முறை அந்தப் பக்கம் போனது.

ஒத்துப் பார்க்க அவள் கை வேண்டும். அது வீட்டுக்குப் போயிருந்தது. காலையில் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோது அவள் கையும் என் கையும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. எனவே கலவையை என் புறங்கையில் வைத்து வைத்துப் பார்த்தேன். சொந்தக் கையை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. ஒரே கறுப்பு என்றது தப்பு. கணுவில் ஒரு கருமை, நகத்தடியில் ஒரு செம்மை, இடையில் எனக்குப் பெயர் தெரியாத இரண்டு நிறம். நான்கையும் தனித்தனியே கலந்து, அதனதன் இடத்தில் வைத்து வார்த்தேன்.

மாலையில் மாட்டிப் பார்த்தாள். "நாளைக்கு ஏழு மணிக்கு டூட்டி" என்றாள். அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள், ஒரு நோயும் இல்லாமல் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன்.

"என்ன உடம்புக்கு?" என்று கேட்டபடியே தலையைத் தூக்கினாள். என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு டோக்கனைக் கிழித்து நீட்டினாள். வார்த்த எனக்கே எது நான் செய்த விரல் என்று கண்டுபிடிக்க நேரம் பிடித்தது. குனிந்து பார்த்தேன்.

"டோக்கன் வாங்கியாச்சுல்ல, நகருங்க சார்!" என்றார் பின்னால் நின்றவர். அவர் அவள் கையைப் பார்க்கவேயில்லை. என் முதுகைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.